பொறுப்பேற்பார் இல்லாத தமிழ்: நீதிமன்றங்களில் இயந்திர மொழிபெயர்ப்பு

2023ஆம் ஆண்டுக் குடியரசு நாளையொட்டி இந்திய உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளின் மொழிபெயர்ப்புகள் 1,268ஐ இணையத்தில் வெளியிட்டது. அவற்றுள் இந்தியில் அமைந்தவை 1,091. தமிழில் அமைந்தவை 52. இவ்வெண்களைக் காணும் தமிழார்வலர்க்கு முதலில் எழும் வினா, தமிழின் பங்கு ஏன் இத்துணைச் சிறிது என்பதாகும். அவ்வினா முறையானதே. ஆயினும் அதற்கு முன்னர்க் கேட்கப்பட வேண்டிய வினா வேறு. அந்த 52 தமிழ்ப் பனுவல்களும் சட்டத்தின் முன் என்ன மதிப்புடையன?

எம்மதிப்பும் உடையன அல்ல என்பதே விடை. இத்தகைய மொழிபெயர்ப்புகளுடன் இணைக்கப்படும் துறப்புரை இதனை ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. வழக்காடி தம் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டுமே இப்படி பயன்படும். வேறு எந்நோக்கத்திற்கும் பயன்படாது. நடைமுறைக்கும் நிறைவேற்றத்திற்கும் ஆங்கிலப் படியே உரியது. இத்துறப்புரையைப் படித்த பின்னரும் 'தமிழில் தீர்ப்பு வந்துவிட்டது' என மகிழ்வோர், வந்தது எது என்பதைச் சற்றே நின்று நோக்குதல் நலம்.

தமிழ்நாடு கேட்டது இதுவன்று. அரசமைப்பின் 348ஆம் உறுப்பு, நாடாளுமன்றம் வேறுவகை செய்யும் வரை உச்ச நீதிமன்றத்தின் மொழியும் உயர் நீதிமன்றங்களின் மொழியும் ஆங்கிலமே என்கிறது. அதே உறுப்பின் இரண்டாம் கூறு, குடியரசுத் தலைவரின் இசைவுடன் மாநில ஆட்சிமொழியை உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் பயன்படுத்த ஆளுநர்க்கு வழிவிடுகிறது. இவ்வழியிலேயே 2006 திசம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு 2012 அக்டோபரில் அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. மறுபடி கேட்கப்பட்டபொழுது 2016இல் அம்மறுப்பே உறுதிசெய்யப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 2019 நவம்பரில், உச்ச நீதிமன்றத்தின் 'சுவாசு' என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருள் குடியரசுத் தலைவரால் வெளியிடப்பட்டது. 2023இல் நீதிபதி அபய் ஓகா தலைமையில் செயற்கை நுண்ணறிவுவழி மொழிபெயர்ப்புக்கென ஆலோசனைக் குழு அமைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ரூ. 7,210 கோடியில் ஒப்புதல் பெற்ற மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், செயற்கை நுண்ணறிவு உள்ளிட்ட வருங்காலத் தொழில்நுட்பங்களுக்கென ரூ. 53.57 கோடி ஒதுக்கப்பட்டது. கேட்டது உரிமை, கிடைத்தது மென்பொருள். மென்பொருளைத் தீதென்பது இங்குக் கருத்தன்று. உரிமையின் இருக்கையில் அது அமர்த்தப்பட்டுவிட்டது என்பதே குற்றச்சாட்டு.

மொழிபெயர்ப்பு என்றாலே சட்டம் கைகழுவும் என்று கருத வேண்டா. இந்தியச் சட்டமரபு மொழிபெயர்ப்புக்கு அளித்துள்ள இடம் பெரிது. 1973ஆம் ஆண்டு மைய அரசுச் சட்டங்களின் அதிகாரமுறைப் பனுவல்கள் பற்றிய சட்டம், குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியாகும் தமிழ் மொழிபெயர்ப்பை அம்மொழியின் அதிகாரமுறைப் பனுவலாகவே கொள்கிறது. அதாவது, அத்தமிழுக்கு அரசு பொறுப்பேற்கிறது. நீதிமன்ற மொழியல்லாத மொழியில் பதிவாகும் சாட்சியத்திற்கு உண்மையான மொழிபெயர்ப்பு உருவாக்கப்பட்டு, அதில் நீதிபதி கையொப்பமிட வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 277ஆம் பிரிவு. இன்று பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 312ஆம் பிரிவு. (இச்சட்டத்தின் பெயருக்கே தமிழ் வடிவம் இன்றி ஒலிபெயர்ப்பில் எழுத நேர்வதும் ஈண்டு நோக்கத்தக்கது.)

தடுப்புக்காவல் வழக்குகளில் இம்மரபு இன்னும் கூர்மையாகத் தோன்றுகிறது. ஆங்கிலம் அறியாத ஒருவர்க்குக் காவற்காரணங்கள் ஆங்கிலத்தில் அளிக்கப்பட்டு, இந்தியில் வாய்மொழியாக விளக்கப்பட்டது போதாது என 1962இல் உச்ச நீதிமன்றம் அக்காவலைச் செல்லாததாக்கியது. தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர்க்கு, காவல் ஆணைக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட ஆவணமொன்றின் தமிழ்ப்படி தரப்படாமையால் 1999இல் தமிழ்நாட்டு வழக்கொன்றிலும் காவல் ஆணை வீழ்ந்தது. 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டப்படி, பொதுவழக்கில் 'குண்டர் சட்டம்' எனப்படுவதன்படி, பிறப்பிக்கப்பட்ட ஆணைகள் மொழிபெயர்ப்புக் குறையால் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீங்கியதும் உண்டு. ஒரு தமிழ்ப்படியின் குறைக்கு ஒருவரது உடலுரிமையையே ஈடாக வைத்துப் பார்த்த நீதித்துறை இது. அதே நீதித்துறை, தன் தீர்ப்பின் தமிழ்ப்படிக்குத் தான் பொறுப்பன்று என்று எழுதுவதை எவ்வாறு பொருத்திக் காண்பது?

இவ்வினாவை எழுப்புதற்குத் தமிழுலகில் ஒரு முன்னோடி உண்டு. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என 1862இல் நூலாக்கினார். அந்நூலின் தமிழ் இன்றைய படிப்பாளிக்குக் கரடுமுரடாகத் தோன்றலாம். எனினும் அதன் முகப்பில் ஒரு பெயர் இருந்தது. அதில் பிழை கண்டவர் யாரிடம் செல்ல வேண்டும் என்பதை அறிந்திருந்தனர்.

இயந்திரத்தின் பிழைகள் என்றதும் நகைப்புக்குரிய எடுத்துக்காட்டுகளை அடுக்குவது வழக்கமாகிவிட்டது. மேல்முறையீட்டிற்கு அனுமதி அளிக்கப்பட்டது எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரை இயந்திரம் விடுமுறை அளிக்கப்பட்டதாக இந்தியில் பெயர்த்ததை, நீதிபதி பி. ஆர். கவாய் பொதுமேடையிலேயே எடுத்துக்காட்டினார். இத்தகைய பிழையால் கேடு சிறிது. படிப்பவர் நகைப்பர், உடனே ஐயுறுவர். அஞ்சத்தக்கவை நகைப்பைத் தராத பிழைகளே. இன்றைய இயந்திரங்கள் சரளமாக எழுதக் கற்றுக்கொண்டன. அவற்றின் பிழையும் சரளமாகவே அமைகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. குற்றவியல் வழக்கில் விசாரணை முடிந்து குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிப்பது ஒன்று. குற்றச்சாட்டு வனைவதற்கே போதிய அடிப்படை இல்லை என வழக்கிலிருந்து நீக்குவது மற்றொன்று. சட்டத்தமிழ் முன்னதை விடுதலை என்றும் பின்னதை விடுவிப்பு என்றும் வேறுபடுத்துகிறது. விடுதலை பெற்றவரை அதே குற்றத்திற்கு மீண்டும் விசாரிக்க இயலாது, விடுவிக்கப்பட்டவரை இயலும். விடுவிப்பு விடுதலை ஆகாது என 337ஆம் பிரிவின் விளக்கமே கூறுகிறது. ஆனால் நாளிதழ்த் தமிழில் இரண்டும் விடுதலையே; பிணையில் வெளிவருவதுங்கூட விடுதலையே. இயந்திரத்திற்குக் கற்பிக்கப் பயன்படும் இருமொழித் தரவு பெரும்பாலும் இணையத்திலிருந்தும் செய்திகளிலிருந்தும் திரட்டப்படுவது. அது செய்தித்தமிழையே சட்டத்தமிழாகக் கருதுமாயின் வியப்பில்லை. 'விடுதலை செய்யப்பட்டார்' என்னும் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. தம் வழக்கு முடிந்துவிட்டதென அதனை நம்பியவர், மறுபடி அழைப்பாணை வரும்பொழுதே அதன் பொருளை அறிவார்.

இதுகாறும் கூறியவை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் திசையைப் பற்றியன. எதிர்த்திசை இதனினும் இடர்மிக்கது, பேசப்படுவதோ குறைவு. கீழ்நிலை நீதிமன்றத்தில் தமிழில் பதிவான சாட்சியமும் புகாரும் உச்ச நீதிமன்றத்தை அடையும்பொழுது ஆங்கிலமாகின்றன. அங்கு ஆங்கிலப் படியே படிக்கப்படுகிறது. தமிழ் மூலம் கட்டின் அடியில் கிடக்கும். இப்பணியில் இயந்திரம் நுழையும்பொழுது நிகழக்கூடுவது யாது என்பதை அறிய, கணிப்பொறி அறிவினும் தமிழிலக்கண அறிவே மிகுதியும் வேண்டும்.

பேச்சுத்தமிழில் வினைமுற்றின் ஈற்றில் ஒட்டும் 'ஆம்' என்னும் சொல்லை எண்ணிப் பார்க்கலாம். 'அடிச்சான்' என்பது கண்டவர் கூற்று. 'அடிச்சானாம்' என்பது கேட்டவர் கூற்று. வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் அடிப்படை. பழைய சட்டத்தின் 60ஆம் பிரிவு, இன்றைய பாரதிய சாக்சிய அதினியத்தின் 55ஆம் பிரிவு. அச்சட்டம் ஒரு பிரிவில் வகுத்துரைக்கும் வேறுபாட்டைத் தமிழ் ஓரசையில் உணர்த்துகிறது. ஆங்கில வினைக்கு இவ்வுறுப்பு இல்லை. தனித்தொடர் ஒன்று சேர்த்தாலன்றி அது அங்கு நிற்காது. இயந்திரம் அதனை விட்டுவிட்டால், ஊரார் சொல்லக் கேட்டவர் நேரில் கண்டவராகிவிடுவார். ஆங்கில வாக்கியமோ குறையற்றதாகவே இருக்கும்.

உயர்வுப்பன்மை இரண்டாம் சிக்கல். ஒருவரைப் பன்மையாற் கூறுதல் உலக வழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல்லாகும், இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் பிரித்துணர்த்தியதைத் தமிழ் மாணவர் அனைவரும் படித்திருப்பர். மருமகள் ஒருத்தி 'அவங்க அடிச்சாங்க' என்று கூறினால், அவ்'அவங்க' மாமியார் ஒருவராக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், கணவன் வீட்டார் அனைவராகவும் இருக்கலாம். எண்ணும் பாலும் சூழலால் விளங்குவன. ஆங்கிலம் எழுதும் இயந்திரம் எண்ணையோ பாலையோ தானே முடிவு செய்துவிடுகிறது. குற்றவியலில் இவ்வெண் சிறு செய்தியன்று. சட்டவிரோதக் கூட்டம் எனக் கொள்ள ஐவர் வேண்டும்; பொதுக்கருத்துடன் செய்த குற்றத்திற்கு ஒருவர்க்கு மேற்பட்டோர் வேண்டும். மாமியார்க்குக் காட்டிய மரியாதை, வீட்டார் அனைவர்மீதும் குற்றச்சாட்டாக மாறக்கூடும். மறுதலையாக, பலர் சேர்ந்து தாக்கியது ஒருவர் செயலாகச் சுருங்கவும் கூடும்.

மூன்றாவது 'தெரியாம' என்னும் சொல். 'தெரியாமத் தள்ளிட்டேன்' என்பவர் தம் அறியாமையைக் கூறவில்லை. தம் எண்ணத்தில் அது இல்லை என்கிறார். அறிதலும் கருதுதலும் குற்றவியலில் வெவ்வேறு படிகள். கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் இடையிலுள்ள கோடு இவற்றின்மீதே வரையப்பட்டுள்ளது. சொல்லுக்குச் சொல் வைக்கும் பெயர்ப்பு அக்கோட்டை அழித்துவிடும்.

இதுவரை இவ்விடரைத் தணித்து நின்றவர் மனிதர். சாட்சி பேசுவதைக் கேட்டு நீதிபதி ஒருவகைத் திட்டமிட்ட மொழியில் எழுதச் சொல்வார். ஐயம் எழுந்தால் அங்கேயே கேட்பார். அம்முறையிலும் சாட்சியின் குரல் சிதைந்தது என்பது உண்மையே. ஆனால் இப்பொழுது பேச்சை இயந்திரமே கேட்டு எழுதும் முறை வந்துவிட்டது. அரசியல் சாசன அமர்வின் வாதங்களை அவ்வாறு எழுத்தாக்கும் பணியை உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தொடங்கியது. கேரள மாவட்ட நீதிமன்றங்களில் 2025 நவம்பர் முதல் சாட்சிய வாக்குமூலங்களுக்கும் அது விதிக்கப்பட்டது. தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழர்க்கு இச்செய்தி நேரடியாகத் தொடர்புடையது. மலையாளத்திற்கும் ஆங்கிலத்திற்கும் பழக்கப்பட்ட செவியொன்றின் முன் அவர்தம் தமிழ் எவ்வாறு பதிவாகும் என்பதை ஆராய வேண்டியவர், அம்மாநிலத் தமிழ்த்துறையினரை விடுத்து வேறு யார்?

கேரள உயர் நீதிமன்றத்தைக் குறை கூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. 2025 சூலையில் அந்நீதிமன்றம் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த கொள்கை, தீர்ப்பு முடிவுகளுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாகாது என்றும், இயந்திர மொழிபெயர்ப்பைத் தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும் என்றும் விதித்துள்ளது. இந்நாட்டில் இப்பொருள் பற்றிப் பொறுப்பின் மொழியில் பேசிய ஆவணம் அது. தகுதிவாய்ந்தவர் என்பவர் யார், அத்தகுதியை அளப்பவர் யார் என்பதே அதன்பின் எஞ்சும் வினா.

மனித மொழிபெயர்ப்பாளரும் பிழை செய்வர். அவர்கள் தொகையும் குறைவு. தேங்கிக் கிடக்கும் வழக்குகளோ கோடிக்கணக்கின. இயந்திரமின்றி இயலாது என்பர். இவ்வாதத்தின் முற்பகுதி முழுவதும் ஏற்கத்தக்கது. மனிதர் பிழை செய்வர். ஆயின் நியூயார்க்கில் 2023இல் இல்லாத தீர்ப்புகளை இயந்திரத்திடமிருந்து பெற்று மனுவில் மேற்கோளிட்ட வழக்கறிஞர்க்கு நேர்ந்ததைக் கருதுக. நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது இயந்திரத்தின்மீதன்று, கையொப்பமிட்டவர்மீது. பிழைக்கு விளைவு உண்டாயிற்று. ஆகவே அத்தொழிலில் எச்சரிக்கையும் பிறந்தது. தமிழ்ப்படியின் பிழைக்கு அத்தகைய விளைவு எதுவும் இல்லை. எதற்கும் பயன்படாத படியெனத் துறப்புரை முன்பே கூறிவிட்டதால், பிழை கண்டவர்க்கு வழக்கிடக் காரணமும் இல்லை. விளைவற்ற பிழையைத் திருத்துவதற்குச் செலவிடும் நிறுவனம் உலகில் இல்லை.

மறைகாப்பின் பக்கத்திலும் இதே குறை வேறுருவில் தோன்றுகிறது. நீதிமன்ற வாயிலில் தட்டச்சு செய்வோரும் இளம் வழக்கறிஞரும் தமிழ்ப் புகாரை இலவச இயந்திரம் ஒன்றில் இட்டு ஆங்கிலம் பெறுவது எளிது. அப்புகாரில் பாலியல் வன்கொடுமைக்குள்ளான பெண்ணின் பெயர் இருக்கலாம். அப்பெயரை வெளியிடுவது பாரதிய நியாய சன்கிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் தொலைவிலுள்ள நிறுவனத்தின் வழங்கிக்கு அதனை அனுப்புவதை எவரும் வெளியிடுதலாக உணர்வதில்லை. தனிநபர் மறைகாப்பு அடிப்படை உரிமையே என ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகத்து 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆறாண்டுகள் கழித்து வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தரவுக் கையாளுகைக்குப் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்களித்துள்ளது. பாதுகாத்துவைக்கும் கடமை எஞ்சுகிறது.

அச்சட்டத்தில் தமிழுக்கென ஓர் இடமும் உண்டு. தரவு கேட்கும் எந்நிறுவனமும் இசைவுக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் எம்மொழியிலோ படிக்கும் வாய்ப்பை அளித்தாக வேண்டும். அதுவும் தெளிந்த, எளிய மொழியில். இசைவு தடையற்றதாகவும், குறித்த ஒன்றிற்கானதாகவும், அறிந்து தரப்பட்டதாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்திற்கிடமற்றதாகவும் இருத்தல் வேண்டும். இசைவு, சம்மதம், ஒப்புதல், அனுமதி என்னும் நான்கும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்கும் தமிழில் இவ்வைந்து அடைகளும் எவ்வாறு நிலைபெறும்? 'தனியுரிமை' என்னும் சொல்லே மறைகாப்பையும் குறிக்கிறது; ஒரு நிறுவனத்தின் ஏகபோக உடைமையையும் குறிக்கிறது. 'உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்' என்னும் வாக்கியம் நாள்தோறும் கைப்பேசித் திரைகளில் தோன்றுகிறது. அதனை எழுதியவர் யார், அதன் தமிழுக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டால் விடையில்லை.

தமிழ்த்துறைகளின்மீது குற்றம் எழுவது இவ்விடத்திலேயே. கணினித்தமிழ் என்னும் பெயரால் நடைபெறும் கருத்தரங்குகளில் கலைச்சொல்லாக்கமே தலைமையிடம் பெறுகிறது. செயற்கை நுண்ணறிவா, செய்யறிவா என்னும் வழக்காடல் ஓய்ந்தபாடில்லை. சொல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டம் சொல்லில் வாழ்வதன்று; தொடரில் வாழ்வது. 'ஆம்' ஈறும் உயர்வுப்பன்மையும் துணைவினைகளும் எழுவாயின்றி அமையும் வாக்கியமும் தமிழ்த்துறையார் நூற்றாண்டாகக் கற்பித்துவரும் பாடங்கள். அப்பாடங்களைக் கொண்டு ஒரே ஒரு நீதிமன்ற மொழிபெயர்ப்பையேனும் வரிவரியாக அளந்து காட்டும் ஆய்வேட்டிற்கு நெறியாளர் கிடைப்பது இன்றும் அரிது. பொறியாளர்கள் தம் இயந்திரத்தின் திறத்தை எண்களால் அளக்கின்றனர். முன்னரே உள்ள ஒரு மொழிபெயர்ப்புடன் எத்துணைச் சொற்கள் ஒத்துவருகின்றன எனக் கணக்கிடுவது அவ்வளவைகளுள் பெருவழக்கானது. நூறு சொல்லில் தொண்ணூற்றொன்பது ஒத்து, விடுபட்டது 'ஆம்' ஒன்றேயாயின், அவ்வளவையில் அது ஏறத்தாழ முழுவெற்றி. இதனை மறுத்துரைக்கும் அறிவு பொறியியல் துறையில் இல்லை. இருக்க வேண்டும் என எதிர்பார்ப்பதும் முறையன்று.

செய்யத்தக்கன அரியவை அல்ல. தமிழ்ச் சாட்சியங்களுள் பெயரும் ஊரும் நீக்கப்பட்ட நூற்றினை உயர் நீதிமன்றத்தின் இசைவுடன் பெற்று, இவ்விலக்கணக் கூறுகளின் அடிப்படையில் சோதனைத் தொகுப்பொன்றை உருவாக்கலாம். நீதிமன்றத்தில் பயன்படுத்தப்படும் எம்மென்பொருளும் அத்தொகுப்பின் முன் நிறுத்தப்பட வேண்டும். சரிபார்ப்பவர்க்கான தகுதித்தேர்வைத் தமிழ்த்துறையும் சட்டத்துறையும் இணைந்து நடத்த வேண்டும். ஒவ்வொரு தமிழ்ப்படியின் இறுதியிலும், 312ஆம் பிரிவு சாட்சியத்திற்குக் கோருவதுபோல, பெயரறிந்த ஒருவர் கையொப்பமிட வேண்டும்; அக்கையொப்பம் இடப்பட்ட படியிலிருந்து துறப்புரை நீக்கப்பட வேண்டும். தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இசைவுக் கோரிக்கை தொடர்பானவை 18 திங்கள் இடைவெளியின் பின், 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருவன. அறிவிக்கைகளின் தமிழ் வரைவை ஆராய்வதற்கு அதுவரையிலான காலம் உண்டு. திருவனந்தபுரத்திலும் தில்லியிலும் பெங்களூரிலும் தமிழ் பயிற்றும் துறைகள் இதற்குச் சென்னையின் வழிகாட்டலை எதிர்நோக்கத் தேவையில்லை. உயர் நீதிமன்றப் பதிவாளர்க்கு எழுத ஒரு தாள் போதும்.